காணாமற்போன நாயும் விலாசம் இல்லாத லயமும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குக் 'காணவில்லை' விளம்பரத்தின் இலக்கணம் மனப்பாடம். காணாமற்போனதன் பெயர், அதன் அடையாளம், கண்டவர்கள் அறிவிக்க வேண்டிய விலாசம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். தேடப்படுவது மனிதராயினும் மாடாயினும் நாயாயினும் இந்த இலக்கணம் மாறுவதில்லை. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டினால் பயனும் இல்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் வரலாற்றை இந்தச் சிறு கண்ணாடியின் வழியே பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அங்கே நாய்க்குப் பெயர் இருந்தது, அடையாளமும் இருந்தது. அதை வளர்த்தவருக்கு விலாசம்தான் இல்லை.

மலைநாட்டில் நாயைத் தொலைத்த கதைகளை முதலில் எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்களே. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், தமது வேட்டைநாய்களைப் பற்றி 1854இல் ஒரு நூலையே வெளியிட்டார். காட்டில் வழிதவறிய நாய்களும் சிறுத்தையிடம் சிக்கிய நாய்களும் அந்நூலில் பெயரோடு வருகின்றன. ஹோட்டன் சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சமவெளிக்குச் செல்லும் வழிகளில் ஒன்றான ஒஹிய, பதுளை மாவட்டத்திலேயே உள்ளது. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து காடழித்துக் கோப்பி நட்டவர்களிடமும் நாய்கள் இருந்திருக்கும். அவற்றின் பெயர்களை எழுதி வைக்க எவரும் இருக்கவில்லை.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையை வாங்கினார். 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. தோட்டங்களில் லயங்கள் பெருகின. பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழ, இஸ்தோப்பில் ஒரு நாய் படுத்திருக்கும். இரவில் மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றியை விரட்டவும், சிறுத்தையின் வரவை முதலில் அறிவிக்கவும் அந்த நாய் வேண்டியிருந்தது. பல வேளைகளில் சிறுத்தைக்கு முதலில் இரையானதும் அதுதான். தேயிலைக்கு இடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன.

நாயைப் பற்றி அரசு கவலைப்படத் தொடங்கியது நீர்வெறுப்பு நோயினால். 1885இல் பாஸ்டர் பாரிஸில் தடுப்பூசியைக் கையாண்ட பின்பு, எட்டு ஆண்டுகளில் இலங்கையில் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அது. பொது இடத்தில் உரியவரின்றித் திரியும் நாயைப் பிடிக்கவும் அழிக்கவும் அது வழிசெய்தது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. ஏட்டில் பெயர் ஏறிய நாய்க்கு உரியவர் உண்டு. ஏறாத நாய் தெருநாய் என்பதே இதன் பொருள். அதன் பிறகு, காணாமற்போன நாயைத் தேடுகிறவர் காட்டை மட்டுமன்றி நாய்பிடிகாரரின் வண்டியையும் அஞ்ச வேண்டியதாயிற்று. அரசின் அச்சமும் பொய்யன்று. 1973இல் மட்டும் இலங்கையில் இந்நோயால் 377 பேர் மாண்டனர்.

இங்கே ஒரு முரணைக் காணாதிருக்க இயலாது. நகரத்து நாய் ஒன்று தன் உரிமையாளரின் பெயரால் அரச ஏட்டில் இடம்பெறலாம் என்றிருந்த நாட்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பெயர் இருந்த ஏடு தோட்டத்துச் செக்ரோல் ஒன்றே. கடிதங்களும் நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தன. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. புகையிரதமேறித் தலைமன்னார் வழியே கப்பலேறியவர்களின் கணக்கு இரு அரசுகளிடமும் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற இஸ்தோப்பில் காத்திருந்த நாய்களுக்குக் கணக்கில்லை. அந்த நாய்களைப் பொறுத்தவரை காணாமற்போனவர் மனிதரே.

குடியுரிமைக் குறை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்ந்தது. ஆயினும் இன்னொரு வேலி எஞ்சியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. நாய்ப் பதிவு உள்ளூராட்சியின் பணி. அந்த உள்ளூராட்சியோ தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. 2018இல் வந்த திருத்தமே அந்தத் தடையை நீக்கியது. இதற்கிடையே, 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியிருந்தது.

பதிவு என்பது வெறும் காகிதம் அன்று என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை காட்டியது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. ஆபத்துப் பற்றிய எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. புதையுண்டவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோ நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. மனிதரின் எண்ணிக்கையே அவ்வாறு தடுமாறிய இடத்தில், நாயையும் மாட்டையும் பற்றிக் கேட்க எவருக்கு நாவெழும்?

ஆகவே, தோட்டத்தில் நாய் காணாமற்போனால் செய்ய வேண்டியவற்றை இந்த வரலாற்றிலிருந்தே சொல்லலாம். முதல் நாளிலேயே தேடுங்கள். பக்கத்து லயத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் சொல்லுங்கள். மலையில் பரந்து நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் கண்ணுக்குத் தப்புவது அரிது. காட்டோரத்தில் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளைப் பகலில், துணையோடு சென்று பாருங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அரிய கருஞ்சிறுத்தையே அத்தகைய கண்ணியில் சிக்கி மாண்டது. கண்ணியில் ஏதேனும் வனவிலங்கு சிக்கியிருந்தால் நெருங்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நாய் காயத்தோடு திரும்பினால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். அது எவரையேனும் கடித்திருந்தால், கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இவையெல்லாம் தொலைந்த பின்பு செய்பவை. தொலையும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாய்க்குத் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்தி, கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். பிரதேச சபையில் பதிவு கேளுங்கள். "தோட்டத்துக்கு இல்லை" என்று எவரேனும் சொன்னால், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை நினைவூட்டுங்கள். விலாசம் கேட்டால் லயத்தின் பெயரையும் காம்பரா இலக்கத்தையும் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். ஏட்டில் அந்த விலாசம் ஏறட்டும்.