ரெனிஃப்லார் என்கிற மூக்குறிஞ்சி

போன வாரம் பேரன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே காளான் மாதிரி ஒரு சாமான். மேலே குரோம் மூடி, சுற்றிலும் மடித்துவைத்த சிவப்புத் துணி, அடியில் ரப்பர் வாய். “தாத்தா, இது பிரீதர் ஃபில்டர். ஃப்ரெண்டோட பழைய காருக்கு மாட்டப் போறோம்” என்றான். எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது. அன்று உட்காரவைத்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் பாதியில் கைப்பேசியைப் பார்க்கப் போய்விட்டான். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ‘ஆட்டோ சைக்கிள்’ என்று படித்த நான்கு வீச்சுக் கணக்கை நாங்கள் ‘போ தெ ரோஷா சைக்கிள்’ என்று படித்தோம். போ தெ ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர் 1862-இல் அந்தத் தத்துவத்தை எழுதிக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் என்ஜின் எதையும் செய்துகாட்டவில்லை. 1876-இல் செய்து ஓட்டிக்காட்டியவர் ஜெர்மானியரான ஆட்டோ. காகிதத்தில் எழுதியவருக்கே எங்கள் பௌதிக ஆசிரியர் முழு மரியாதையும் கொடுத்தார். பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் காகிதத்தோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கும் அதில் ஒரு திருப்தி உண்டு.

ஆனால் பாடத்தில் ஒன்றைச் சொல்லவில்லை. பெட்ரோல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, அந்த வாயு முழுவதும் சைலன்சர் வழியாகப் போய்விடுவதில்லை. பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கொஞ்சம் கீழே கசிகிறது. கீழே இருப்பது கிராங்க் கேஸ், அதாவது எண்ணெய் கிடக்கும் வயிறு. கசிந்த வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நீராவி இருக்கும், அமிலமும் இருக்கும். அது அங்கேயே தங்கினால் எண்ணெய் கெட்டுக் கருஞ்சேறாகும். வெளியே போக வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். ஆகவே என்ஜினுக்கு மூச்சுவிட ஒரு துவாரம் வேண்டும். அந்தத் துவாரத்துக்குப் பிரெஞ்சில் ரெனிஃப்லார் என்று பெயர். ‘ரெனிஃப்லே’ என்றால் மூக்கை உறிஞ்சுவது. சளி பிடித்த பிள்ளைக்கு வைக்கிற பெயரை என்ஜினுக்கு வைத்திருக்கிறார்கள்.

வெகுகாலம் அந்த மூக்கு வெறும் குழாய்தான். என்ஜினின் பக்கத்தில் கிளம்பி, வண்டியின் அடியில் சாலையைப் பார்த்துத் திறந்திருக்கும். நுனியைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் அடிக்கிற காற்று உள்ளிருக்கும் புகையை உறிஞ்சி இழுக்கும். அதற்குப் பதிலாக, எண்ணெய் ஊற்றும் மூடியில் உள்ள கம்பிவலை வழியே புதுக்காற்று உள்ளே வரும். நெடுஞ்சாலையில் இது அருமையாக வேலை செய்யும். ஊருக்குள் நின்று நின்று போனால் உறிஞ்சக் காற்று ஏது? புகை உள்ளேயே தங்கும். எப்படியானாலும் அந்தப் புகையும் எண்ணெய்ச் சொட்டும் போய்ச்சேரும் இடம் தெருதான்.

1984-இல் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். என்ன கார் என்று சொல்லவில்லை. அப்போது ஊரில் ஓடியது இரண்டு மூன்று மாதிரிதான், ஊகித்துக்கொள்ளுங்கள். ரிங் தேய்ந்த வண்டி. வாசலில் நிறுத்தினால் காலையில் தரையில் எண்ணெய்ப் பொட்டு இருக்கும். கோலம் போட வருகிற என் மனைவிக்கு அதைத் தேய்த்துக் கழுவுவதே முதல் வேலையாகிவிட்டது. “என்னங்க, ஒண்ணு கார் இருக்கணும், இல்ல கோலம் இருக்கணும்” என்றாள். கடையில் விசாரித்தேன். பேரன் காட்டினானே, அதன் அண்ணன் மாதிரி ஒரு ஃபில்டரைக் கொடுத்தார்கள். கீழே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு ஹோஸை மாட்டி, மேலே கொண்டுவந்து, நுனியில் ஃபில்டரை வைத்துக் கிளிப் போட்டு முறுக்கினேன். ஹோஸ் ஏறவில்லை. வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்ததும் ஏறியது. ஃபில்டரை உயரத்தில் வைத்ததால் எண்ணெய்த் துளிகள் திரும்ப உள்ளே வடிந்தன. மறுநாள் தரை சுத்தம். எனக்கு ஒரே பெருமை.

அந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு சிதம்பரம் கிளம்பினோம். கடலூர் தாண்டும் முன்பே சின்னவள் தலை வலிக்கிறது என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். பெட்ரோலும் கருகிய எண்ணெயும் கலந்த ஒரு வாடை வண்டிக்குள் நிறைந்திருந்தது. ஓட்டுகிற சுகத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தோம். நடராஜரைப் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டியை ஒரு சொல்தாவிடம் கொண்டுபோனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இவர் சைகோனில் பட்டாளத்து மோட்டார்ப் பட்டறையில் அமெரிக்க ஜீப்புகளைப் பழுது பார்த்தவர். பானெட்டைத் திறந்தார். ஃபில்டரை ஒரு விரலால் தட்டினார். “தம்பி, இது வெளியே இருந்து தூசி உள்ளே போகாம தடுக்கும். எண்ணெய்த் துளியைக் கொஞ்சம் பிடிக்கும். உள்ளே இருந்து வர்ற விஷத்தை எப்படிப் பிடிக்கும்? தெருவுல விட்டதை நீ எடுத்துவந்து வீட்டுக்குள்ள விட்டிருக்கே” என்றார்.

“வேற என்ன ஐயா செய்யறது?” என்றேன்.

“என்ஜின் மூக்கை என்ஜின் வாயிலேயே வை. அதோட புகையை அதுவே தின்னட்டும். ஜீப்புல அப்படித்தான் இருந்தது.”

அவர் சொன்னது உண்மை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் கிராங்க் கேஸ் புகையை ஒரு குழாய் எடுத்துக்கொண்டு போய், சிறு வால்வு வழியாக, கார்புரேட்டருக்குக் கீழே உள்ள மேனிஃபோல்டில் விடும். சிலிண்டருக்குள் போய் அது மறுபடி எரியும். புழுதியிலும் ஆற்று நீரிலும் இறங்குகிற வண்டிக்கு அடியில் திறந்த குழாய் ஆகாது. மெதுவாகப் போகும்போது உறிஞ்சவும் செய்யாது. பட்டாளத்துக்கு என்ஜின் முக்கியம், அதனால் வைத்தார்கள். 1940-களிலேயே ஜீப்பில் இருந்தது என் காரில் ஏன் இல்லை என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் விடை தெரிந்துகொண்டேன்.

கதை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் ஒரு நாள் நகரமே கண் எரிந்து இருமியது. போர்க்காலம் ஆனதால் ஜப்பான்காரன் வாயுத் தாக்குதல் நடத்திவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். ஆலைகளைக் குறை சொன்னார்கள், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதைக் குறை சொன்னார்கள். ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர் அங்கே கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே முறையில் ஊர்க் காற்றையும் பிடித்துச் சோதித்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்துதான் இந்தக் கண்ணெரிச்சல் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். ஆவி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கார்களிலிருந்து. அதிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரிலிருந்து வந்ததல்ல, அடியில் திறந்துகிடந்த அந்த மூக்கிலிருந்து வந்தது.

கென்னத் ஹான் என்ற உள்ளூர் நிர்வாக உறுப்பினர் 1953 முதல் கார் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். புகை காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்ற பொருளில் ஃபோர்டிலிருந்து பதில் வந்தது. இந்த மாதிரிப் பதில்களை நானும் தட்டச்சு செய்திருக்கிறேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, வேலையும் நடக்காது.

கடைசியில் 1961 மாடல் கார்களில், கலிஃபோர்னியாவில் விற்றவற்றுக்கு மட்டும், அந்த வால்வு வந்தது. பிசிவி என்று இன்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்கு 1963 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஆலை, ஒரே கார். ஓரிடத்தில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னோரிடத்தில் வைக்கத் தெரியாதா? இதையேதான் அமெரிக்க நீதித்துறையும் கேட்டது. பெரிய கார் கம்பெனிகள் நான்கும் அவர்களுடைய சங்கமும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு புகைத் தடுப்புக் கருவிகளைத் தாமதப்படுத்தின என்று 1969 ஜனவரியில் வழக்குப் போட்டது. விசாரணை நடக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இனி அப்படிச் செய்யமாட்டோம் என்று அதே வருஷம் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

கோப்பு தானாகத் தூங்காது, யாரோ ஒருவர் தாலாட்ட வேண்டும். என் மேசையிலும் சில கோப்புகள் அப்படித் தூங்கின. யார் சொல்லித் தூங்கின என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே தெரியாமல் தாமதமாகிவிட்டது என்ற பேச்சை நான் சுலபத்தில் நம்புவதில்லை. இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு முறையான புகை அளவு விதி வந்ததே 1991-இல்தான். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வாசல் தரை சுத்தமானது போதும் என்று நானும்தானே ஒரு மாதம் ஓட்டினேன்.

சொல்தா ஐயா என் ஃபில்டரைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். அதே ஹோஸை நீட்டி, ஏர் கிளீனர் வாயில் ஒரு குழாய் வைத்து, அங்கே சேர்த்தார். மேனிஃபோல்டில் நேராக வைக்கவில்லை. வால்வு இல்லாமல் அங்கே வைத்தால் வேண்டாத காற்று புகுந்து ஐடிலிங் தடுமாறும். இடையில் எண்ணெய்த் துளி தங்க ஒரு சின்ன டப்பா வைத்து, கம்பிவலையைச் சுருட்டி உள்ளே அடைத்தார். எண்ணெய் மூடியின் வலையையும் மண்ணெண்ணெயில் அலசிப் போட்டார். “ரிங் மாத்தாம இதை மட்டும் செஞ்சா கார்புரேட்டர் அழுக்காகும்” என்று எச்சரித்தார். மூன்று மாதம் கழித்து, தீபாவளி முன்பணம் வந்ததும் ரிங் மாற்றினேன். பொங்கல் விடுமுறையில் சிதம்பரம் போனோம். சின்னவள் வழி முழுக்கத் தூங்கினாள்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவன் ‘ம்’ என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் அந்தக் குரோம் காளானைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முக்கால் அங்குல ஹோஸ் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். கிளிப் கிடைக்கவில்லையாம். என் தகர டப்பாவில் இரண்டு இருந்தன, கொடுத்தேன்.