துறையும் தொடர்பும்: யு.எஸ்.பி. இணைப்பின் வரலாறும் புத்தளக் கரையோரத்துப் பழைய கணினியும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் வரலாறு பெரும்பாலும் துறைகளின் வரலாறேயாகும். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா கரையிறங்கிய ‘பத்தாலா’ என்னும் இடம் புத்தளமே என ஆய்வாளர் பலர் கொள்வர். 1659 இல் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், களப்பின் வாயிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொருட்டு 1667 இல் அங்கு கோட்டை கட்டத் தொடங்கினர். துறையை வந்தடையும் கலம் யாருடையது, அது ஏற்றிவந்தது யாது, எங்கு நிறுத்தப்படவேண்டியது என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே கரையிலுள்ளோர் அதனோடு கொடுக்கல் வாங்கல் செய்வர். கணினியிற் பிற கருவிகள் வந்திணையும் வாயிலுக்கும் இலங்கைப் பாடநூல்கள் ‘துறை’ என்னும் இச்சொல்லையே வழங்குகின்றன. அப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பது பின்னர்ப் புலப்படும்.

இக்கரையோர வீடுகளில் இருபது ஆண்டு கடந்த கணினிகள் இன்றும் ஆங்காங்கே உள்ளன. புதிதாக வாங்கிய பென் டிரைவ் ஒன்றையோ அச்சுப்பொறி ஒன்றையோ அக்கணினி அறிந்துகொள்ளாதபோது ‘கணினி பழுது’ என்னும் தீர்ப்பு எளிதில் வழங்கப்பட்டுவிடுகிறது. ஆயின், இத்தகைய வேளைகளிற் பலவற்றில் எதுவும் பழுதடைந்திருப்பதில்லை. இரு வேறு காலங்களைச் சேர்ந்த பொருள்கள் ஒன்றன் மொழியை மற்றொன்று விளங்கிக்கொள்ள மாட்டாமையே அங்கு நிகழ்கின்றது. ஆகவே, கோளாற்றைக் கண்டறிய விழைவோர் அவ்விணைப்பின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

யு.எஸ்.பி. தோன்றுமுன் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு துறை இருந்தது. 1960களில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்தின்வழித் தொடர்துறையும், 1970 இல் சென்றோனிக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறிக்கென அமைத்த சமாந்தரத் துறையும், 1987 இல் ஐ.பி.எம். அறிமுகஞ் செய்த பி.எஸ்.-2 துறையும் கணினியின் பின்புறத்தை நிறைத்திருந்தன. ஒன்றுக்குரிய முளை மற்றொன்றிற் பொருந்தாது. புதிய அட்டை ஒன்றைப் பொருத்துவோர், அது கணினியின் கவனத்தைக் கோரும் இலக்கத்தையும் தாமே தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அவ்விலக்கங்கள் பதினாறே. இரு கருவிகள் ஒரே இலக்கத்திற்குப் போட்டியிடின் இரண்டுமே செயலிழத்தல் கூடும்.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1994 இல் கொம்பாக், டிஜிற்றல், ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொப்ற், என்.ஈ.சி., நோர்ட்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. இன்ரெல் நிறுவனத்தில் இம்முயற்சிக்கு முன்னின்றவர் பரோடாவிற் கல்விபயின்ற அஜய் பட் என்பவராவார். வீட்டில் அச்சுப்பொறியை இயக்குவதில் தம் குடும்பத்தார் பட்ட இடர்ப்பாடும் தம்மைச் சிந்திக்கத் தூண்டியதாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். 1996 சனவரியில் யு.எஸ்.பி. 1.0 நியமம் வெளிவந்தது. பெயரிலேயே ‘பொது’ என்னும் பொருளைத் தாங்கிய அந்நியமம், ஒரே வகைத் துறையில் 127 கருவிகள் வரை இணைக்கலாம் என உறுதி கூறியது.

உறுதிமொழி வேறு, நடைமுறை வேறு. துறை உருவான பின்னரும் அதனை விளங்கிக்கொள்ளும் மென்பொருள் வந்து சேரவில்லை. விண்டோஸ் 95 இன் முதற் பதிப்பு யு.எஸ்.பி.யை அறியாது. 1998 ஏப்பிரல் மாதத்திற் சிக்காகோ நகரில் நடைபெற்ற கண்காட்சியில், பில் கேற்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 இயங்கிய கணினியுடன் ஒரு வருடியை இணைத்தபோது, திரை நீலமாகிக் கணினி நின்றுபோனமை உலகறிந்த நிகழ்ச்சியாகும். படைத்தவர் மேடையிலேயே நேர்ந்தது இதுவாயின், பிறர் வீடுகளில் நேர்வது வியப்பன்று. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம் அப்பிள் நிறுவனம் பழைய துறைகளைக் கைவிட்டு யு.எஸ்.பி.யை முதன்மைப்படுத்திய ஐமக் கணினியை விற்பனைக்கு விட்டது. கருவி உற்பத்தியாளர் யு.எஸ்.பி.யை நோக்கித் திரும்ப அது பெரிதும் உதவியது. 2000 ஏப்பிரலில் 2.0 நியமமும் 2008 நவம்பரில் 3.0 நியமமும் தொடர்ந்தன.

இனி, இணைப்பு நிகழும் முறையை நோக்குவோம். முதலாம், இரண்டாம் நியமங்களுக்குரிய முளையில் நான்கு உலோகத் தொடுகைகள் உள்ளன. அவற்றுள் ஓரத்திலுள்ள இரண்டும் மின்வலுவைச் சுமப்பவை. நடுவிலுள்ள இரண்டும் தரவைச் சுமப்பவை. ஓரத்துத் தொடுகைகள் சற்று நீண்டிருத்தலால் முதலில் மின்வலுவும் பின்னர் தரவும் தொடர்புறுகின்றன. கருவியிலுள்ள ஒரு சிறு தடை, தரவுக் கம்பிகளுள் ஒன்றன் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கின்றது. எந்தக் கம்பி உயர்கின்றது என்பதைக் கொண்டு கருவியின் வேகத்தைக் கணினி உணர்கின்றது. பின்னர், ‘நீ யார், உன்னை ஆக்கியோர் யார், உன் தொழில் யாது, உனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்’ என்னும் வினாக்களுக்குக் கருவி விடையிறுக்கின்றது. கணினி அதற்கு ஓர் இலக்கத்தை வழங்கி, உரிய செலுத்தி மென்பொருளைத் தேடி இயக்குகின்றது. கற்பிட்டித் துறைக்கு வந்த கலத்தை விசாரித்த முறைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

கோளாறு இவ்வொழுங்கின் எப்படியிலும் நேரலாம். எனவே ஆய்வும் இவ்வொழுங்கிலேயே அமைதல் தகும். முதலாவது, தொடுகை. புத்தளம் உப்பு விளையும் மண். இதன் காற்றிலும் உப்பு உண்டு. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தை மீறும்போது சோடியம் குளோரைட்டு ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடும். அக்கரைசல் தொடுகைகளின் மெல்லிய பூச்சு தேய்ந்த இடத்தில் உலோகத்தை அரிக்கும். கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைத்து நன்கு உலரவிடுவது இதற்குப் பரிகாரம். வடத்தையும் ஐயுறுதல் வேண்டும்; மின்னேற்றத்திற்கு மட்டுமென விற்கப்படும் வடங்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை.

இரண்டாவது, மின்வலு. இதே கரையிலுள்ள நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் இயங்குகின்றது. ஆயின் பழைய கணினியின் யு.எஸ்.பி. துறை ஒன்று 5 வோல்ற்றில் 500 மில்லியம்பியர், அதாவது 2.5 வாற்று அளவையே வழங்கக் கடமைப்பட்டது. வெளியிணைப்பு வன்றட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதனினும் கூடுதலாக வேண்டலாம். ஒன்றைப் பலவாக்கும் ‘ஹப்’ தனக்கென மின்வழங்கல் அற்றதாயின் ஒவ்வொரு துறைக்கும் 100 மில்லியம்பியரே எஞ்சும். முன்புறத் துறையில் இயங்காத கருவி, தாய்ப்பலகையோடு நேரே பொருந்திய பின்புறத் துறையில் இயங்கக் காணலாம்.

மூன்றாவது, செலுத்தி. விண்டோஸ் 98 இல் பென் டிரைவுக்குரிய பொதுச் செலுத்தி இல்லை. உற்பத்தியாளர் தந்ததை முதலில் நிறுவுதல் வேண்டும். விண்டோஸ் 2000 முதலாக அப்பொதுச் செலுத்தி உடன்வந்தது. அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு மென்பொருளை நிறுவிய பின்னரே வடத்தைச் செருகவேண்டும் என்னும் விதி இருந்தது. அம்முறை பிறழ்ந்தால் ‘அறியப்படாத சாதனம்’ என மஞ்சட் குறியுடன் ஒரு பதிவு தோன்றும். அதனை நீக்கி, ஒழுங்காக மீளத் தொடங்குதலே வழி.

நான்காவது, கோப்பு முறைமை. பெருந்தீங்கு விளையும் இடம் இதுவே. 2006 இல் அறிமுகமான எக்ஸ்ஃபற் முறைமையில் அமைந்த பென் டிரைவை, அதற்குரிய இற்றைப்படுத்தல் பெறாத விண்டோஸ் எக்ஸ்பி கணினியிற் செருகினால், அது வெறுமையானது எனக் கருதி ‘போர்மற் செய்யவா?’ எனக் கணினி வினவும். கருவி கெட்டுவிட்டது என எண்ணி ‘ஆம்’ என விடையளிப்போர் தம் கோப்புகளைத் தாமே இழக்கின்றனர். ‘இல்லை’ எனக் கூறிப் புதிய கணினி ஒன்றிற் பரிசோதிப்பின் அனைத்தும் முன்போலவே இருக்கக் காண்பர்.

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் தஞ்சமடைந்த மாவட்டம் இது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கைவிட்டுப் போதல் ஒரு தலைமுறையை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதை இம்மண் நன்கறியும். இன்று அத்தகைய பத்திரங்களின் பிரதிகளும் குடும்பப் படங்களும் பென் டிரைவுகளிலும் பழைய கணினிகளின் வன்றட்டுகளிலும் தங்கக்கூடும். ஒரு கணத்துத் தவறான விடை, அல்லது ‘பழுது’ என்னும் அவசரத் தீர்ப்பு, அவற்றை மீட்கவொண்ணாதபடி அழித்துவிடும்.

வரலாற்று மாணவன் ஓர் ஏட்டை அணுகும் முறைக்கும் இத்தேட்டத்துக்கும் வேறுபாடு சிறிதே. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல், அதே கருவியை வேறு கணினியிலும் வேறு கருவியை அதே துறையிலும் ஒப்பிடுதல், சான்று கிடைக்குமுன் எதையும் அழியாதிருத்தல் ஆகியன இரண்டிற்கும் பொதுவான ஒழுக்கங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்பிரலிலும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபரிலும் முடிவுற்றன. இன்றைய புதுமையும் நாளைய பழமையே. ‘பொது’ எனப் பெயர்பெற்ற இணைப்பு பழைய கணினி உடையார்க்கும் மெய்யாகவே பொதுவாதல், அதன் வரலாற்றை அறிந்து பொறுமையோடு வினவுவோர் கையிலேயே தங்கியுள்ளது.