பழைய பிக்கப் டிரக்குகளில் ஹீட்டர் கோர் மாற்றுதல்

ஹீட்டர் கோர் என்பது என்ஜினின் வெப்பத்தைக் கொண்டு வண்டியின் கேபினைச் சூடாக்கும் சிறிய ரேடியேட்டர். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள காற்றுப் பெட்டிக்குள் இது பொருத்தப்பட்டிருக்கும். இதன் அமைப்பு எளிது, விலையும் பெரிதன்று. ஆனால் இதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டிய பாகங்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும். அதனால் ஒரே வேலை ஒரு வண்டியில் ஓரிரு மணி நேரத்திலும், மற்றொன்றில் ஒரு நாளுக்கு மேலாகியும் முடிகிறது.

அமைப்பும் இயக்கமும்

என்ஜின் ஓடும்போது வாட்டர் பம்ப் கூலன்டைச் சுழற்றுகிறது. தெர்மோஸ்டாட், அதன் வகையைப் பொறுத்து, சுமார் 82 முதல் 91 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி என்ஜினின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கிறது. சூடான கூலன்டில் ஒரு பகுதி இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தோ சிலிண்டர் ஹெட்டிலிருந்தோ பிரிந்து, ரப்பர் ஹோஸ் வழியாகக் கோருக்குச் செல்கிறது. என்ஜின் அறையையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் வழியே கோரின் இரு குழாய்முனைகள் வெளியே நீண்டிருக்கும். அமெரிக்க டிரக்குகளில் இவற்றில் மாட்டும் ஹோஸ்களின் உள்விட்டம் பெரும்பாலும் 5/8 அங்குலமும் 3/4 அங்குலமும் ஆகும்.

கோரின் நுண்குழாய்களில் கூலன்ட் ஓட, புளோயர் ஊதும் காற்று மெல்லிய தகடுகளின் இடையே புகுந்து சூடாகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைப் பிளெண்ட் டோர் என்னும் சிறு கதவு தீர்மானிக்கிறது. முன்கண்ணாடியில் படியும் பனியையும் நீராவியையும் அகற்றுவதும் இதே காற்றுதான். ஆகவே கோர் பழுதானால் குளிர்நாடுகளில் ஓட்டுநரின் பார்வையே மறைந்துபோகும்.

பழுதாகும் காரணங்கள்

பழைய கோர்கள் செம்பாலும் பித்தளையாலும் ஆனவை. இணைப்புகள் ஈயம் கலந்த பற்றாசால் பற்றவைக்கப்பட்டவை. பிற்காலத்தவை பெரும்பாலும் அலுமினியம். கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள் நாளடைவில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் அதே கூலன்டை ஓடவிட்டால் அமிலத்தன்மை கூடி உலோகம் அரிபடும். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் இணைப்பு துருப்பிடித்துக் கெட்டால் மின்னோட்டம் கூலன்ட் வழியே பாயலாம். அப்போது புதிய கோர்கூட விரைவில் ஓட்டையாகும். மல்டிமீட்டரின் எதிர்முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் நேர்முனையைக் கூலன்டிலும் வைத்துப் பார்க்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோரை மாற்றும் முன் எர்த் வயர்களைச் சரிசெய்ய வேண்டும். உப்பு மிகுந்த நீரால் உண்டாகும் படிவும், ரேடியேட்டர் கசிவை அடைக்க ஊற்றும் பொடிகளும் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

அறிகுறிகளும் சோதனையும்

கோர் கசிந்தால் கேபினுக்குள் இனிப்பு வாடை வீசும். முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான படலம் படியும். இடப்புற ஸ்டீயரிங் கொண்ட வண்டிகளில் பெரும்பாலும் வலப்பக்கக் கால் விரிப்பு நனைந்திருக்கும். வெளியே சொட்டு எதுவும் தெரியாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வரும். நனைந்தது ஏசியின் வடிநீராலா கூலன்டாலா என்பதை நிறமும் வழவழப்பும் காட்டிவிடும்.

வெப்பம் வராதபோது, என்ஜின் சூடான பின் இரு ஹோஸ்களின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைபட்டிருக்கிறது. இரண்டும் சூடாக இருந்தால் குறை பிளெண்ட் டோரிலோ அதன் கேபிளிலோ இருக்கும். இரண்டும் குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, திறந்தபடி நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், மூடியிருக்கும் ஹீட்டர் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடைப்பு மட்டும் இருந்தால், குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவுவதே சில வேளைகளில் போதும். கசிவுக்கு மாற்றுவதே தீர்வு.

கோரை எட்டும் வழி

1980 முதல் 1996 வரையிலான ஃபோர்டு எஃப்-150 இந்த வேலைக்கு மிகவும் இடங்கொடுக்கும் வண்டி. கிளவ் பாக்ஸைக் கழற்றினால் காற்றுப் பெட்டியின் மூடி தெரியும். அதன் திருகுகளை நீக்கியதும் கோரை உருவி எடுக்கலாம். 1994 முதல் 2001 வரையிலான டாட்ஜ் ராம் இதற்கு நேர்மாறு. அதில் டேஷ்போர்டைக் கழற்றி, ஏசி இணைப்புகளையும் பிரித்து, பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். கோரும் ஏசியின் எவாப்பரேட்டரும் அதில் ஒரே பெட்டிக்குள் இருப்பதே காரணம். வெயிலில் காய்ந்த அதன் டேஷ்போர்டு பிளாஸ்டிக் எளிதில் வெடிக்கும்.

ஏசி இணைப்பைப் பிரிக்க வேண்டிய வண்டிகளில், குளிரூட்டு வாயுவை அதற்குரிய கருவியால் முன்கூட்டியே சேகரிக்க வேண்டும். அமெரிக்காவில் அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். 1990-களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் அந்த வாயுவின் உற்பத்தி அங்கு 1995 இறுதியோடு நின்றது. பின்னர் வந்தவற்றில் ஆர்-134ஏ உள்ளது.

மாற்றும் முறை

என்ஜின் முழுதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியாயின், அதன் மின்தேக்கியில் எஞ்சிய மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்பே ஸ்டீயரிங், டேஷ்போர்டு பக்கம் கைவைக்கலாம். கூலன்டைச் சுத்தமான பாத்திரத்தில் வடிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் இறுகிப்போன ஹோஸை முறுக்கி இழுக்கக் கூடாது. கோரின் குழாய்முனை வளைந்து பற்றாசு இணைப்பு பிளந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுப்பதே பாதுகாப்பு. கோரை வெளியே எடுக்குமுன் ஒரு முனையில் மெல்லக் காற்றை ஊதி, எஞ்சிய கூலன்டை மறுமுனை வழியே வெளியேற்றிவிட்டால் விரிப்பில் சிந்தாது. தரையில் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் நல்லது. கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, திருகுகளைத் தனித்தனி உறைகளில் இட்டுப் பெயரெழுதி வைத்தால் திரும்பப் பூட்டுவது எளிது.

புதிய கோரைப் பழையதன் அருகே வைத்து நீளம், தடிமன், குழாய்முனைகளின் வளைவு, விட்டம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் கோர் வேறுபடலாம். பெட்டிக்குள் சேர்ந்த சருகையும் தூசியையும் நீக்கி, பிளெண்ட் டோர் தடையின்றி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கோரைச் சுற்றியுள்ள ஃபோம் பட்டையைப் புதிதாக ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று கோரின் வழியே செல்லாமல் ஓரத்தில் நழுவிப்போய் வெப்பம் குறையும். ஹோஸ்களையும் கிளாம்ப்களையும் இதே சமயத்தில் புதிதாக்குவது சிக்கனம்.

டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டும் முன்பே கூலன்ட் நிரப்பி, அழுத்தச் சோதனைக் கருவியால் ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை ஏற்றி, சிறிது நேரம் அது குறையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்த அளவு சதுர அங்குலத்துக்கு 13 முதல் 16 பவுண்டு. இந்தச் சோதனையைத் தவிர்த்து எல்லாவற்றையும் பூட்டிய பின் கசிவு தெரிந்தால், முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியதாகும்.

கூலன்ட் நிரப்புதல்

எத்திலீன் கிளைக்காலும் தூய வடிநீரும் சரிபாதி கலந்த கூலன்ட், ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. பழைய டிரக்குகளுக்குரிய பச்சைக் கூலன்டையும், ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் நடுவில் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஆறிய என்ஜினை ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும்வரை கூலன்டை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் புதிய கோரும் குளிர்காற்றையே தரும்.

தற்காலிக வழி

உடனே மாற்ற இயலாதபோது, என்ஜின் அறையில் இரு ஹோஸ்களையும் ஒரு குழாயால் நேராக இணைத்துக் கோரை விலக்கிவிடலாம். சில என்ஜின்களில் இந்தச் சுற்று கூலன்ட் ஓட்டத்துக்கே தேவைப்படுவதால், ஹோஸ்களை அடைப்பதைவிட இணைப்பதே மேல். கண்ணாடிக்கு வெப்பக்காற்று கிடைக்காது என்பதால் குளிர்காலத்தில் இது ஆபத்தான ஏற்பாடு.

கழிவு

எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. நாய்களும் பூனைகளும் அதை நக்கிக் குடிக்கும். சிறிதளவே அவற்றின் சிறுநீரகங்களை அழித்து உயிரைப் போக்கும். சிந்தியதை உடனே துடைத்து, பழைய கூலன்டை மூடிய கலத்தில் சேர்த்து, மறுசுழற்சி மையத்திலோ அதை ஏற்கும் பட்டறையிலோ ஒப்படைக்க வேண்டும். நனைந்த விரிப்பையும் அதன் அடிமெத்தையையும் வெளியே எடுத்து அலசிக் காயவைக்காவிட்டால் வாடை நீங்காது, அடித்தகடும் துருப்பிடிக்கும்.