வீடும் பள்ளியும்: மாட்டுங்கா முதல் தாணே வரை

பிழைப்பை நாடி வடக்கே வந்த தமிழர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோயில்களைப் பற்றியும் சபைகளைப் பற்றியுமே எழுதியுள்ளனர். எந்தக் கோயிலுக்கு எப்போது குடமுழுக்கு நடந்தது, எந்த வித்துவான் எந்த மேடையில் பாடினார் என்பனவெல்லாம் மலர்களில் ஏறியிருக்கின்றன. ஆனால் ஊரிலிருந்து மனைவி மக்களை அழைத்து வந்த ஒரு குடும்பத் தலைவன், "இந்தப் பேட்டையில் ஜாகை பார்க்கலாம், அந்தப் பேட்டை வேண்டாம்" என்று எதைக் கொண்டு தீர்மானித்தான் என்பதை விரித்துரைத்தோர் மிகச் சிலரே. வாடகை ஒரு காரணம்; ரயில் நிலையத்திற்கு உள்ள தூரம் மற்றொரு காரணம். இவ்விரண்டுக்கும் சற்றும் குறையாத மூன்றாவது காரணம் பள்ளிக்கூடம். இந்நகரில் தமிழர் குடியேறிய வரிசையைப் பார்த்தால் இது விளங்கும்.

1896இல் அக்காலத்துப் பம்பாயில் பிளேக் நோய் பரவி, நெரிசலான பேட்டைகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். அதன் விளைவாக 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்று அமைக்கப்பட்டது. வடக்கே வெற்று நிலமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை அகன்ற வீதிகளும் தோட்டங்களும் உள்ள குடியிருப்புகளாக அந்த டிரஸ்ட் வகுத்தது. ரயில்வேயிலும், வணிகக் கம்பெனிகளிலும், சர்க்கார் அலுவலகங்களிலும் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்து சேர்ந்த தென்னாட்டார் அங்கே திரண்டனர். முதலில் வந்தவர்கள் தனி ஆட்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு கட்டிலும் ஒரு மெஸ்ஸும்தான். குடும்பம் வந்த பிறகே பள்ளியின் தேவை எழுந்தது.

மெஸ்ஸால் மட்டும் மாட்டுங்கா தமிழர் பேட்டை ஆகிவிடவில்லை என்பது என் கருத்து. 1932இல் திரு. எம். வி. வேங்கடேசுவரன் அவர்கள் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை அங்கே தோற்றுவித்தார். சிறு பள்ளியாகத் தொடங்கியது உயர்நிலைப் பள்ளியாகி, 1960இல் சயானில் கல்லூரியாகவும் வளர்ந்தது. பள்ளி இருந்ததால் குடும்பங்கள் வந்தன. குடும்பங்கள் வந்ததால் பள்ளி பெருகியது. இதில் எது முன், எது பின் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் ஊரில் இருந்த மனைவிக்கும் மாமனாருக்கும், "மாட்டுங்காவில் நம்மவர் பள்ளி இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினால், மறுத்துச் சொல்ல அவர்களிடம் அதிகம் இராது. அந்நாளில் குடும்பத்தார்க்குக் கிடைத்த புள்ளிவிவரம் அந்த ஒரு வரிதான்.

நிற்க. இருப்புப் பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா என்றால், மேற்கே தாராவி. இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே ரயில் பாதை. ஆனால் இரண்டின் வரலாறும் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். ஆதிதிராவிடர், நாடார், முஸ்லிம்கள் எனப் பல பிரிவினர் அங்கே வாழ்ந்தனர். அவர்களும் தமிழரே, ஆனால் பள்ளியைப் பார்த்து வீடு பிடிக்கும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை. வேலை எங்கோ அங்கே குடிசை. குடிசை எங்கோ அதற்கு அருகிலுள்ள பள்ளி. மாட்டுங்காவின் பெருமையைப் பேசும் மலர்கள் பாதைக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதே இல்லை. எழுதுவோரின் மனக்குறை என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தாராவிக்கு வாய்த்தவை முனிசிபல் பள்ளிகள். வித்தல்பாய் படேல் அவர்களின் முயற்சியால் 1918இல் பம்பாய் மாகாணத்தில் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு வழி செய்யும் சட்டம் வந்தது. பம்பாய் நகருக்கென 1920இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மராத்தி, குஜராத்தி, உருது, இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் பள்ளி நடத்தும் பெருந்தன்மை இம்மாநகராட்சிக்கு உண்டு. வேற்று மாநிலத் தலைநகர் ஒன்று தன் வரிப்பணத்தில் தமிழ்ப் பள்ளி நடத்துவது அரிய செயல். அதை நாம் நன்றியுடன் குறிக்கவேண்டும். ஆனால் அப்பள்ளிகளில் பெரும்பாலானவை ஏழாம் வகுப்போடு நின்றன. எட்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளை எங்கே போவது? தமிழில் கூட்டல் கழித்தல் கற்றவன், ஒரு கோடை விடுமுறைக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இயற்கணிதம் கற்க வேண்டியதாயிற்று. படிப்பு அறுந்து போன பிள்ளைகளில் பலருக்கு அது அறுந்த இடம் இந்த எட்டாம் வகுப்பு வாசல்தான்.

1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய குடித்தனக்காரர்களுக்கு அது வரமாயிற்று. புதிதாக வந்தவர்க்கோ, பகடி என்னும் பெருந்தொகை கொடுத்தாலன்றி மாட்டுங்காவில் ஓர் அறையும் கிட்டாது என்றாயிற்று. ஆகவே அவர்கள் செம்பூருக்கும், முலுண்டுக்கும், தாணேக்கும், டோம்பிவிலிக்கும் போகத் தொடங்கினர். செம்பூரின் கதை சற்று வேறானது. டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையமும், அதையடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. படித்த தமிழர் அங்கே வேலைக்கு வந்தனர். 1969இல் அணுசக்தித் துறை தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்கெனக் கல்விச் சங்கம் அமைத்தது. மாறுதலுக்கு உட்பட்ட மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காகக் கேந்திரிய வித்யாலயங்கள் 1963இலேயே தொடங்கிவிட்டன. இவ்விரு வகையிலும் சேர முடிந்தவர்க்குப் பேட்டையைப் பற்றிய கவலை பாதி குறைந்தது.

தாணேக்கு 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்தது இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில். அப்பெருமை இருந்தும், தமிழ்க் குடும்பங்கள் இங்கே மிகுதியாக வந்தது நூறாண்டு கழித்து, வாடகை துரத்திய பிறகே. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாகி, வாகிளே எஸ்டேட்டில் ஆலைகள் பெருகியதும் வருகை கூடிற்று. தொடக்கத்தில் இங்கே குடியிருந்து கொண்டே பிள்ளைகளைச் சீசன் டிக்கட் வாங்கி மாட்டுங்காவுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை புத்தகப் பையுடன் காலை வண்டியில் தொங்கிச் செல்வதைப் பெற்றோர் ஏன் பொறுத்தனர்? வீட்டை மாற்ற முடிந்தது; பள்ளியை மாற்ற மனம் வரவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். பள்ளிகளை எண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1822இல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்தனை பேர், எந்தச் சாதியார் என்று எழுதி அனுப்பும்படி ஜில்லாக் கலெக்டர்களைக் கேட்டார். 1826 மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் சுமார் 1,88,000 மாணாக்கரும் காணப்படுகின்றனர். மக்கள் தொகை அப்போது ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம். சுதந்திரத்திற்குப் பின் 1957இல் முதல் அகில இந்தியக் கல்வி அளவாய்வு, நடக்கும் தூரத்தில் பள்ளி இல்லாத ஊர்கள் எவை என்று கணக்கிட்டது. இவையெல்லாம் ஆள்வோர் பார்ப்பதற்காக எடுத்த கணக்குகள். எந்தத் தகப்பனும் இவற்றைப் பார்த்து வீடு பிடித்ததில்லை. அவை அவன் கைக்கு வந்ததும் இல்லை.

1990களில் மாவட்டக் கல்வித் தகவல் முறை என்ற ஒன்று தொடங்கியது. 2012-13இல் அது முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளையும் ஒரே பதிவில் கொண்டுவந்தது. 'யூடைஸ்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. மகாராஷ்டிரப் பள்ளிகளின் எண் 27 என்று தொடங்கும். பள்ளியை நடத்துவது யார், எந்த ஆண்டு தோன்றியது, பயிற்றுமொழி எது, ஆசிரியர் எத்தனை பேர், வகுப்பறை, நூலகம், குடிநீர், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா என்பனவற்றோடு பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதில் பதிவாகிறது. கைப்பேசி உள்ள எவரும் பார்க்கலாம். மன்றோ கலெக்டர்களிடம் கேட்டுப் பெற நான்காண்டு காத்திருந்த வகைச் செய்தி, இன்று ஜாகை தேடும் சாதாரணக் குடும்பத்தான் உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறது. தாணே ஜில்லாவின் மொத்தக் கணக்கைப் பார்ப்பவர் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்க: 2014 ஆகஸ்ட் 1ஆம் நாள் பால்கர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதற்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிட்டுப் பள்ளிகள் குறைந்துவிட்டன என்று பேசுவது பொருந்தாது.

கணக்குக் கிடைப்பது வேறு, அதைப் படிப்பது வேறு. பெரும்பாலோர் முதலில் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைத்தான். எடுத்துக்காட்டாக ஒரு பள்ளியை எண்ணிப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் 20 பேர் எழுதி 20 பேரும் தேறினால் நூற்றுக்கு நூறு. வாசலில் பதாகை தொங்கும். அதே பள்ளியில் ஒன்பதாண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் 60 பேர் இருந்திருந்தால்? மற்ற 40 பேர் எங்கே? சிலர் வீடு மாறிப் போயிருக்கலாம். பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் பேட்டையில் அது இயல்பே. சிலரை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தி வடிகட்டியிருக்கலாம். பதாகையில் இந்த வேறுபாடு தெரியாது. ஆண்டுதோறும் வகுப்புவாரி எண்ணிக்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓரளவு புலப்படும். குறிப்பாக எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் எண்ணிக்கை சட்டென்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியே ஏழிலோ எட்டிலோ முடிகிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், மேரிலாந்தின் மாண்ட்கோமரி போன்ற இடங்களில் கவுண்டியே பொதுப் பள்ளிகளை நடத்துகிறது. எந்த வீதியில் வீடோ அதற்குரிய பள்ளியில்தான் இடம். பள்ளிச் செலவின் கணிசமான பகுதி வீட்டு வரியிலிருந்து வருவதால், நல்ல பள்ளி உள்ள வட்டாரத்தில் வீட்டு விலையும் ஏறிக் கிடக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டே அங்கே வீடு பார்க்கிறார்கள். ஆனால் அதே நாட்டில் 1966இலேயே ஜேம்ஸ் கோல்மன் என்பார் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணாக்கரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. மாணாக்கரின் தேர்ச்சியைப் பள்ளியின் கட்டடமும் செலவும் தீர்மானிப்பதை விட, குடும்பச் சூழ்நிலை மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்று அது கண்டது. அப்படியானால் மதிப்பெண் பட்டியல் பள்ளியின் திறமையைக் காட்டுகிறதா, அப்பேட்டையில் வாழ்வோரின் செல்வத்தைக் காட்டுகிறதா? மாட்டுங்காப் பள்ளிகளின் பழைய புகழுக்கும் இக்கேள்வி பொருந்தும். குமாஸ்தாவின் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித் தர ஆள் இருந்தது. தோல் பதனிடுபவரின் பிள்ளைக்கு இல்லை.

நம் நாட்டிலும் வீட்டு முகவரிக்குச் சட்டத்தின் மதிப்பு வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடத்தை ஏழை, நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்பது அதன் விதி. மகாராஷ்டிரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்போர்க்கு முதலிடம். வாடகைக் குடித்தனக்காரர் பதிவு செய்த ஒப்பந்தத்தைக் காட்டவேண்டும். சாலிலும் குடிசையிலும் வாய் வார்த்தையாகக் குடியிருப்பவர் அந்த ஒரு தாள் இன்றித் தவிக்கிறார். 2024 பிப்ரவரியில் மாநில சர்க்கார், சர்க்கார் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளிக்கு இக்கடமை இல்லை என்று விதியை மாற்றிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மே மாதம் நிறுத்தி வைத்து, ஜூலையில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் அத்தீர்ப்பை ஏற்றது. அம்மாற்றம் நிலைத்திருந்தால், பள்ளிகள் நெருங்கியுள்ள தாணே, மும்பை போன்ற நகரங்களில் ஏழைப் பிள்ளைக்கு அந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டிருக்கும்.

இப்போது தாராவி மறுநிர்மாணம் நடைபெறுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவியிலேயே வீடு. பின்னர் வந்தோரும் மாடியில் இருப்போரும் வெளியே செல்லவேண்டும் என்பது திட்டம். அதற்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலங்களைப் பெற 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முலுண்டுக்கு அடுத்த நிலையம் தாணே. நடுவகுப்புத் தமிழர் வாடகையால் தள்ளப்பட்டு வந்த அதே பாதையில், தாராவித் தமிழர் சர்க்கார் ஆணையால் வரக்கூடும். இன்னும் எழும்பாத குடியிருப்பில் இன்னும் திறவாத பள்ளிக்கு 11 இலக்க எண் ஏது? அவர்கள் பார்க்கக் கூடியது இப்போது அங்கே உள்ள பள்ளிகளின் பதிவை மட்டுமே: எட்டாம் வகுப்புக்கு மேல் உண்டா, தமிழில் படித்த பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள், காலியிடம் எத்தனை. முதலாவது கேள்விக்குப் பதிவில் விடை உண்டு. மற்ற இரண்டுக்கும் அப்பள்ளி வாசலுக்கே நடந்து சென்று கேட்கவேண்டும். மராத்தியும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த ஒருவர் உடன் செல்வது நலம்.