மூன்று கடல் மைல்: காசிமேட்டுக் கரைக்கடலைப் பகிர்ந்துகொண்ட வரலாறு

வடசென்னையில் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கரைக்கடல் பல ஊர் மீனவர்களுக்கும் பொதுவான தொழிற்களம். காசிமேடு, திருவொற்றியூர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் சிறு படகுகளும், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளும் இதே நீரில் இயங்குகின்றன. இங்கு அடுத்தவர் வலையைப் பொருட்படுத்தாமல் தொழில் செய்பவர்களை ஊர்ப் பஞ்சாயத்தும், பாதிக்கப்பட்டவர்களும், பின்னர் அரசின் சட்டமும் எவ்வாறு கையாண்டன என்பதை இக்கட்டுரை கூறுகிறது. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி.

கோடு இல்லாத களம்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் துப்பாக்கி சுடுதளத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே சுடுபவர் நிற்க வேண்டிய கோடு தரையில் வரையப்பட்டிருக்கும். இலக்கட்டையை மாற்ற ஒருவர் முன்னே செல்லும்போது மற்ற அனைவரும் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட வேண்டும். இதைக் கவனிக்கவே தள அலுவலர் ஒருவர் நிற்பார். 'நிறுத்து' என்ற சொல்லுக்குக் கட்டுப்படாதவர் அப்போதே வெளியேற்றப்படுவார்.

கடலில் கோடும் இல்லை, கோட்டின் ஓரத்தில் நிற்கும் அலுவலரும் இல்லை. நீரில் மிதக்கவிட்ட வலை நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அது இருக்குமிடத்தைக் காட்டுவது சில மிதவைகளும், இரவானால் ஒரு சிறு விளக்கும்தான். கவனக்குறைவான ஒருவரால் சில நிமிடங்களில் மற்றொருவரின் முதலீடு முழுவதையும் அழித்துவிட முடியும். அழித்தவர் யார் என்பதை உரியவர் அறியாமலே போகவும் கூடும்.

ஊர்ப் பஞ்சாயத்தின் காலம்

விசைப்படகுகள் வருவதற்கு முன்பு இக்கடலில் கட்டுமரமே முதன்மையான கலம். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்த அதில் இரண்டு மூன்று பேர் பாயையும் துடுப்பையும் நம்பிச் சென்றனர். எல்லோருடைய வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் வலைமேல் மற்றொருவர் வலை சிக்கினாலும் இருவரும் அங்கேயே பிரித்தெடுத்துக்கொள்ள முடிந்தது. முதலில் வலை விட்டவருக்கு முன்னுரிமை என்பது எழுதப்படாத விதி.

சிக்கல் கரைக்கு வந்தால் அதைத் தீர்ப்பது ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில் நாட்டார் அல்லது தலைவர்கள் கூடி இரு தரப்பையும் கேட்டு அபராதம் விதிப்பர். வலைக்கு ஈடு வாங்கித் தருவர். அடங்காதவரைத் தொழிலுக்குப் போகவிடாமல் நிறுத்திவைப்பதும் உண்டு. அதற்கும் மிஞ்சினால் ஊர்விலக்கு. பெரும்பாலோரின் பிழைப்பைக் கெடுப்பதாகத் தோன்றும் புதுவகை வலையைத் தடை செய்யும் அதிகாரமும் அவர்களிடம் இருந்தது. நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரையின் மீன்பிடி மோதல்களைப் பற்றி 2001 இல் வெளியிட்ட நூலில் இந்த ஊர்ச் சட்டத்தையும் அரசுச் சட்டத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்துள்ளார்.

கழிமுகப் பகுதிகளில் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. இடம் குறுகியது, இறால் வரும் வழியும் தெரிந்ததுதான். எனவே பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளில் 'பாடு' என்னும் முறை வளர்ந்தது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்வதே பாடு. பழவேற்காட்டில் இடங்களைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவர். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றி வரும். இதில் குறை இல்லாமல் இல்லை. பாட்டில் உரிமை பெற்ற குடும்பங்களுக்கே அது நீதி. வெளியில் நின்றவர்களுக்கு அது பூட்டிய கதவு. என்றாலும் யாருடைய முறையை யார் மீறினார் என்பதில் அங்கே ஐயத்துக்கு இடமில்லை.

பஞ்சாயத்தின் வலிமை அதன் தண்டனைகளில் மட்டும் இல்லை. தவறு செய்தவர் மாலையில் அதே மணலில்தான் கட்டுமரத்தை இழுத்துவிட வேண்டும். அவர் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பக்கத்து ஊர்களில்தான். முகம் தெரிந்தவரிடம் மட்டுமே செல்லும் அதிகாரம் அது.

லாஞ்சுகளின் வருகை

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு 1907 இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் உருவானது. ஆனால் கடலில் பெரிய மாற்றம் விடுதலைக்குப் பிறகே வந்தது. 1953 இல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 1950களில் அரசு உதவியுடன் எஞ்சின் படகுகள் வழங்கப்பட்டன. அவை பிடிக்க வேண்டியது ஆழ்கடல் மீன் என்பதே திட்டம் தீட்டியவர்களின் எண்ணம்.

திட்டத்தை மாற்றியது இறால். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உறைந்த இறாலுக்குத் தேவை பெருகியது. 1966 இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் ஏற்றுமதி மேலும் ஆதாயமானது. இறாலோ ஆழ்கடலில் இல்லை; கரையோரச் சேற்றுத் தரையில் இருந்தது. எனவே இழுவை மடி கட்டிய படகுகள் கரையை நோக்கித் திரும்பின. அந்த ஆழம் குறைந்த நீரில்தான் கட்டுமரக்காரர்களின் வலைகளும் இருந்தன.

சென்னை மீனவர்கள் 'லாஞ்சு' என்றழைக்கும் இழுவைப் படகு பை போன்ற வலையைக் கடல் தரையோடு இழுத்துச் செல்லும். மடி நீருக்குள் இருக்கும்போது சட்டென்று திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. தொழிலாளருக்குக் கூலி பிடிபாட்டில் பங்கு. நேரம் வீணானால் எல்லோருக்கும் நட்டம். வேண்டுமென்றே வலை அறுத்தவர்களைவிடப் பார்த்தும் விலகாதவர்களும், பார்க்கவே முயலாதவர்களுமே மிகுதி என்று கருத இடமுண்டு. வலை இழந்தவருக்கு இந்த வேறுபாடு எதற்கும் உதவாது. அவருடைய வலை பெரும்பாலும் ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கிச் செய்தது. வலை போன பின்னும் கடன் நிற்கும்.

சிறைப்பிடிப்பும் தீவைப்பும்

1970களில் தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் மோதல்கள் மூண்டன. சென்னையும் விலக்கல்ல. அறுந்த வலையோடு கரை திரும்பியவர் ஊரைக் கூட்டுவார். அடுத்த முறை கரையை நெருங்கிய லாஞ்சு எதுவோ அது வளைக்கப்பட்டு, ஈடு தரும் வரை சிறைப்பிடிக்கப்படும். பெரும்பாலும் வலையை அறுத்தது அந்தப் படகாக இராது. ஆனால் பிடிபட்ட படகின் உரிமையாளர், அறுத்தவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பணம் வசூலிக்கும் வேலையைத் தம் சங்கத்தின் தலையில் வைத்துவிடுவார். கண்மூடித்தனமாகத் தோன்றும் இந்த முறை, குற்றவாளியை அடையாளம் காண வழியற்றவர்கள் கண்டுபிடித்த ஒரே வழி. அது நியாயம் ஆகாது. ஆனால் காவல் நிலையப் புகாரைவிட விரைவில் பலித்தது.

பலிக்காதபோது விளைவு கொடியது. பதிலுக்குச் சிறு படகுகள் பறிக்கப்பட்டன, படகுகள் எரிந்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன.

வடசென்னையில் ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது. வேறு பல கரைகளில் விசைப்படகு முதலாளிகள் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்த வணிகர்கள். இங்கோ லாஞ்சு வைத்திருந்தவர்களில் பலர் மீனவக் குடும்பத்தினரே. அண்ணன் லாஞ்சிலும் தம்பி கட்டுமரத்திலும் போன வீடுகள் உண்டு. இதனால் சமரசத்துக்கு ஆள் கிடைத்தது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தே இரண்டாகப் பிளந்து நிற்கும் நிலையும் ஏற்பட்டது. தன் ஊரின் வசதியுள்ளவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லும் துணிவு எல்லாப் பஞ்சாயத்துக்கும் இருக்கவில்லை.

இடமும் மாறிவிட்டது. 1875 இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானத்தால் மணல் தெற்கே மெரினாவில் சேர, வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. கட்டுமரம் ஏற்றிவைக்க மணல் இருந்த இடங்களில் பின்னர் கருங்கல் கொட்டப்பட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் 1984 இல் பயன்பாட்டுக்கு வந்தபோது லாஞ்சுகள் அதன் அலைதடுப்புச் சுவருக்குள் சென்று நின்றன. இரு தரப்பும் மாலையில் ஒரே மணலில் சந்தித்த வழக்கம் அதோடு குறைந்தது. துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1983 ஆம் ஆண்டுச் சட்டம்

நாடெங்கும் பெருகிய மோதல்களை ஆராய ஒன்றிய அரசு 1976 இல் மஜும்தார் குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து மாதிரிச் சட்ட வரைவு ஒன்று மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடி மாநிலத்தின் பொறுப்பு. கேரளமும் கோவாவும் 1980 இலும், மகாராட்டிரம் 1981 இலும், தமிழ்நாடு 1983 இலும் சட்டம் இயற்றின.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் உயிர்நாடி ஓர் எல்லைக்கோடு. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் வரையிலான நீர் பாரம்பரியக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகு அதற்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். காலை 5 மணிக்கு முன் துறையை விட்டுப் புறப்படக் கூடாது. இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இடத்தைப் பிரித்ததோடு நேரத்தையும் பிரித்தது இதன் சிறப்பு. கட்டுமரக்காரர் இருட்டில் வலை விட்டு விடியலில் எடுக்கலாம் என்பது கணக்கு. படகுகளுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயமாயின. பக்கவாட்டில் பெரிதாக எழுதிய பதிவெண்ணால் முதன்முறையாக, பார்த்தவர் 'இன்ன படகு' என்று சுட்டிக்காட்ட முடிந்தது. விதி மீறல்களை விசாரித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரம் மீன்வளத் துறை அலுவலரிடம் தரப்பட்டது.

கோடு தாளில் வந்துவிட்டது. கடலில் அதைக் காட்ட எதுவும் இல்லை. ரோந்துப் படகுகள் குறைவு. புகார் அலுவலகத்தை அடையும்போது மீறிய படகு மீனை இறக்கி முடித்திருக்கும். இறால் எங்கே இருக்கிறதோ அங்கே படகு போகும் என்பதும் மாறவில்லை. இருந்தும் சட்டம் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. அதற்கு முன் சிறு மீனவரின் கோரிக்கை ஒரு வேண்டுகோளாக மட்டுமே இருந்தது. 1983க்குப் பிறகு அது உரிமை ஆயிற்று. ஈடு கேட்டுப் பஞ்சாயத்திலும் அலுவலகத்திலும் பேசுவோர் 'மூன்று மைலுக்கு உள்ளே வந்தது யார்?' என்று தொடங்க முடிந்தது. நடைமுறையில் ஊர்ப் பஞ்சாயத்தும் மீன்வளத் துறையும் சேர்ந்தே தகராறுகளைத் தீர்த்துவந்தன.

பிற கரைகளில்

பாக் நீரிணையில் கடல் குறுகலானது. அங்கே இடத்தைப் பிரிப்பது கடினம் என்பதால் நாளைப் பிரித்தனர்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. எண்ணூர்ப் பாட்டின் பெரிய வடிவம் என்றே இதைச் சொல்லலாம். கேரளத்தில் மீனவர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1988 இல் மழைக்கால இழுவைத் தடை நடைமுறைக்கு வந்தது. மாநிலக் கடற்பகுதியில் சில வகை வலைகளைத் தடுக்கும் கேரள அரசின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1993 இல் உறுதி செய்தது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2017 முதல் இது ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன் இனப்பெருக்கமே இதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது.

மாறிய தரப்புகள்

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தை ஏறத்தாழ முற்றாக அகற்றின. எஞ்சின் பொருத்திய இப்படகுகள் 3 கடல் மைலுக்கு வெளியேயும் சென்றன. லாஞ்சுகளோ ஒரே நாளில் திரும்புவதை விட்டுப் பல நாள் தங்கித் தொழில் செய்யத் தொடங்கின. இரவு 9 மணி விதி நாள்தோறும் திரும்பிய படகுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. தங்கல் தொழிலுக்கு அது பொருந்தவில்லை.

பழைய இரு தரப்புக்குள்ளேயே புதிய பிளவுகளும் தோன்றின. 2010களின் பிற்பாதியில் காசிமேட்டில் நடந்த போராட்டங்கள் கட்டுமரக்காரர்கள் நடத்தியவை அல்ல. சீன எஞ்சின் எனப்படும் அதிவேக எஞ்சின் பூட்டிய விசைப்படகுகளுக்கு எதிராக மற்ற மீனவர்கள் எழுந்தனர். அதே கடலில் அதே மடியை வேகமாக இழுப்பவருக்கே மீன் என்றானபோது, முன்பு கட்டுமரக்காரர் சொன்ன குற்றச்சாட்டை இப்போது லாஞ்சுக்காரர் சொன்னார். மாநில விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின்களை அனுமதிப்பதில்லை. ஒளிவிளக்கு வைத்து மீனைக் கூட்டிப் பிடிப்பதையும், இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுப்பதையும் ஒன்றிய அரசு 2017 நவம்பரில் தன் பொறுப்பிலுள்ள கடற்பகுதியில் தடை செய்தது.

சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாடு அரசு 2000 இல் தடை விதித்தது. அதைப் பயன்படுத்துவோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரியில் பிறந்த இடைக்கால உத்தரவின்படி 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும் அவ்வலையை விடலாம். இடம், நாள், நேரம் ஆகிய மூன்றும் ஒரே உத்தரவில் வந்தன.

61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் லாஞ்சுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு நிற்கும். பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும். கண்ணாடியிழைப் படகுகள் அந்நாட்களிலும் கடலுக்குச் செல்கின்றன. இழுவை மடிக்கு அஞ்சாமல் இரவு முழுவதும் வலையை நீரில் விட்டுவைக்க அவற்றுக்கு ஆண்டில் கிடைக்கும் காலம் அதுவே.