பட்டத்தின் முதுகில் ஒரு கேமரா

தெற்குப் பிரான்சில் லாப்ருகியேர் என்று ஒரு சிற்றூர். 1888இல் அங்கே ஆர்தர் பத்யூ என்பவர் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார். அதன் நடுக்குச்சியில் மரத்தாலான சிறிய கேமராவைப் பொருத்தியிருந்தார். நில அளவைக்காக இன்று பறக்கும் ட்ரோனுக்கு அந்தப் பட்டத்தையே மூதாதை என்பேன்.

வானத்திலிருந்து படம் பிடிப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1858இல் நதார் என்ற புகைப்படக்காரர் பாரிசுக்கு அருகே பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அன்றைய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். பலூன் கூடையிலேயே இருட்டறை தேவைப்பட்டது. உலர்தகடு கடைக்கு வந்த பிறகுதான் கேமராவைத் தனியே மேலே அனுப்ப முடிந்தது.

சரி, ஆளில்லாத இடத்தில் ஷட்டரை யார் தட்டுவது? பத்யூ மெல்ல எரியும் திரியைப் பற்றவைத்துவிட்டுப் பட்டத்தை ஏற்றினார். திரி எரிந்து முடியும் நேரத்தில் பட்டம் உச்சியில் நிற்கும். ஷட்டர் விடுபட்டுத் திறந்து மூடும். கூடவே ஒரு காகித நாடா அவிழும். கீழே நிற்பவர் அதைப் பார்த்ததும் கயிற்றைச் சுற்றத் தொடங்கலாம்.

இவற்றைவிட என்னை மலைக்க வைப்பது அவர் கேமராவோடு அனுப்பிய பாரமானி. படம் பதியும் நேரத்தில் அதன் முள் நின்ற இடம் ஒளி பட்டு ஒரு தாளில் பதிந்துவிடும். காற்றழுத்தத்திலிருந்து உயரம் கிடைக்கும். உயரம் கிடைத்தால் படத்தின் அளவுகோல் கிடைக்கும். லென்ஸின் குவியத்தூரம் 15 செ.மீ., உயரம் 150 மீட்டர் என்றால் 1:1000. தகட்டில் 1 செ.மீ. இருப்பது தரையில் 10 மீட்டர். வேடிக்கை பார்க்கும் படம் அளக்கக்கூடிய படமாக மாறியது இந்தக் கணக்கால்தான். தம் முறையை அவர் 1890இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஓர் ஏற்றத்துக்கு ஒரே படம் என்பதுதான் அந்தப் பட்டத்தின் குறை. கூரையின் உயரத்தையும் மேட்டின் உயரத்தையும் அறிய, அதே இடத்தை இன்னொரு புள்ளியிலிருந்தும் பார்க்க வேண்டும். பின்னர் விமானங்கள் வரிசையாகப் பறந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் 60 சதவீதத்தை மறுபடி காட்டும்படி எடுத்தன. ட்ரோனில் இதை 75, 80 என்று வைக்கிறார்கள். பல படங்களில் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்துவது கணினி என்பதால் இந்தத் தாராளம் தேவைப்படுகிறது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் பறக்கும் ட்ரோனில் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், தரை 10 செ.மீ. இழுபட்டுப் பதியும், வரப்பின் ஓரம் கலங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கானால் 1 செ.மீ.தான். ஆனால் காற்றில் அலையும் நெற்பயிர் அடுத்தடுத்த இரு படங்களில் ஒரே மாதிரி நிற்காது. எவ்வளவு துல்லியமான கேமரா இருந்தாலும், வயலை எடுக்கப் போகிறவர்கள் காற்று அடங்கும் வேளைக்குக் காத்திருக்கிறார்கள்.