கல்லறையில்லா அரசன்: இரண்டாம் சங்கிலியும் யாழ்ப்பாண வரலாற்றுச் சான்றுகளும்

எகிப்திய மன்னர்களின் வரலாறு அவர்களது அடக்கத்தலங்களையும் கொண்டு எழுதப்பட்டது. இளவயதில் இறந்த தூத்தன்காமுன் இன்று உலகறிந்த பெயராக விளங்குவது, 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் அவனது கல்லறையை அதிகம் சிதையாத நிலையில் கண்டதனால்தான். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. ஈமச்சின்னம் கிடைத்த தலைவனுக்கு இங்கே வரலாறு இல்லை. வரலாறு உள்ள கடைசி அரசனுக்கு இம்மண்ணில் சமாதி இல்லை.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமப்புதையல் ஒன்றை அகழ்ந்தது. எலும்புக்கூட்டோடு சிறு முத்திரை ஒன்றும் வெளிப்பட்டது. அதன் மேல் வரியில் குறியீடுகள். கீழ் வரியில் பிராமி எழுத்துகள். பேராசிரியர் கா. இந்திரபாலா அவற்றை 'கோவேத' என வாசித்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த குறுநிலத் தலைவனோடு தொடர்புபடுத்தினார். அவன் ஆண்ட எல்லையையோ செய்த போரையோ சொல்ல வேறு சான்றில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் ஆட்சி மையம் நல்லூர். அதன் தென்கிழக்கே கடனீரேரிக் கரையிலுள்ள கொழும்புத்துறை, தலைநகருக்குரிய வணிகத்துறையாயிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்குப் படை உதவி செல்லும் வழியாகவும் இவ்வரசு விளங்கியதால், போர்த்துக்கேயர் அதை விட்டுவைக்க விரும்பவில்லை. 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோ படையெடுத்து வென்று, எதிர்மன்னசிங்கனைத் தமக்கு இணங்கிய அரசனாக அமர்த்தினான்.

எதிர்மன்னசிங்கன் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. அரச குடும்பத்தவர் பலரைக் கொன்று 1617இல் அதிகாரத்தைப் பிடித்தான் இரண்டாம் சங்கிலி எனப்படும் சங்கிலி குமாரன். மறு ஆண்டு உள்நாட்டிற் கிளர்ச்சி வெடிக்கவே, தஞ்சை நாயக்கரின் படைத்துணையை நாடினான். இது போர்த்துக்கேயர் தலையிடப் போதுமான காரணமாயிற்று. 1619இல் பிலிப் தெ ஒலிவேறாவின் படை நல்லூரை வீழ்த்தியது. சிறைப்பட்ட சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஞானஸ்நானம் பெற்றபின் 1623இல் மரண தண்டனைக்குள்ளானான். முழு ஆட்சியும் இரண்டே ஆண்டுகள்.

அவனது வரலாற்றை எழுதியவர்களோ வேறு அரசுகளின் நிழலில் இருந்தவர்கள். குவேறோஸ் சுவாமியார் கோவாவில் போர்த்துக்கேயர் பார்வையில் எழுதினார். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரியின் விருப்பத்திற்கிணங்க, 1736 அளவில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அந்நூலில் 1544இல் மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த முதலாம் சங்கிலியும், முக்கால் நூற்றாண்டு கழித்து நாடிழந்த இரண்டாம் சங்கிலியும் ஒரே ஆளாகின்றனர். முன்னவனின் வன்மைக்குப் பின்னவனின் தண்டனை முடிவாகப் பொருத்தப்பட்டது. இக்குழப்பத்தைப் பிரித்துக் காட்டியது, சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் போன்ற 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களின் பணி.

நல்லூரில் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டடச் சான்றும் குறைவு. கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது; தலைநகரும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. 'ப' வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி அரசர் காலத்ததாகக் கொள்ளப்படுகிறது. மந்திரிமனையின் இன்றைய அமைப்போ ஐரோப்பியர் காலத்தைக் காட்டுகிறது. ஆகவே, ஆனைக்கோட்டைத் தலைவனைப் பற்றி மேலும் அறிய அகழ்வு வேண்டும். சங்கிலியைப் பற்றி அறிய கோவா, லிஸ்பன் ஆவணங்களைத் தமிழ் நூல்களோடு வரிக்கு வரி ஒப்புநோக்க வேண்டும்.